நினைவுள்ள கம்பியும் நிமிரும் தூணும்

நியூசிலாந்து நாட்டில் கிரைஸ்ட்சர்ச் என்றொரு நகரம். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி நண்பகல் கழிந்த வேளையில் அங்கே நிலம் நடுங்கியது. 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேர் இறந்தது ஒரே ஓர் ஆறு மாடிக் கான்கிரீட் கட்டடத்தில். அது சில விநாடிகளில் நொறுங்கி விழுந்தது.

அதே நகரத்தில் 26 மாடிகள் கொண்ட ஹோட்டல் ஒன்று இருந்தது. அதுவும் கான்கிரீட் கட்டடம்தான். அது விழவில்லை. ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. நிமிர்த்தவும் முடியாது, அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. ஆகவே மேலிருந்து மாடி மாடியாகக் கழற்றி, 2012-இல் அதை முற்றிலும் அகற்றிவிட்டார்கள். நடுக்கத்தில் விழாமல் தப்பிய கட்டடத்தை மனிதர்களே இடிக்க வேண்டியதாயிற்று!

மாணவ நண்பர்களே, இந்த இரண்டு கட்டடங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கத்தின்போது ஒரு கட்டடத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, விழாமல் நிற்பது. இரண்டாவது, நடுக்கம் ஓய்ந்த பின் பழைய நிலைக்குத் திரும்புவது. முதல் கடமையை நிறைவேற்றப் பொறியியலார் ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவது கடமைக்காக அவர்கள் நாடுவது, பழைய வடிவத்தை "நினைவில்" வைத்திருக்கும் ஓர் அதிசய உலோகத்தை. அதன் இயற்பியலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கட்டடத்தைத் தள்ளுவது யார்?

நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் நீங்கள் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறீர்கள். ஓட்டுநர் திடீரென்று வண்டியை எடுக்கிறார். என்ன ஆகும்? பின்பக்கம் சாய்வீர்கள். உங்களை யாரும் தள்ளவில்லை. கால்கள் வண்டியோடு போய்விட்டன. உடல் இருந்த இடத்திலேயே இருக்க முயன்றது. இதுவே நிலைமம்.

நிலநடுக்கத்திலும் இதேதான் நடக்கிறது. தரை பக்கவாட்டில் நகர்கிறது. அடித்தளம் தரையோடு போகிறது. மேலே உள்ள கனமான மாடிகள் இருந்த இடத்தில் இருக்கப் பார்க்கின்றன. நடுவில் அகப்பட்டுக்கொண்டு வளைவது தூண்கள். விசை = நிறை × முடுக்கம் என்ற நியூட்டனின் விதியை நினைவுகூருங்கள். மேலே நிறை எவ்வளவு அதிகமோ, தூணின் மேல் விழும் பக்கவாட்டு விசையும் அவ்வளவு அதிகம். அதுவும் ஒரு திசையில் மட்டும் அன்று. இப்படியும் அப்படியுமாக ஒரு நிமிடத்துக்குள் பலமுறை.

தூண் வளையும்போது அதன் ஒரு பக்கம் அமுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வீரன். இழுப்பைத் தாங்குவதில் கோழை. அதன் இழுவலிமை, அமுக்க வலிமையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் இழுப்பைத் தாங்க உள்ளே எஃகுக் கம்பிகளை வைக்கிறோம்.

வளைந்து கொடுத்துக் காக்கும் எஃகு

இப்போது ஒரு சிறு சோதனை. சாமான்கள் கட்டப் பயன்படும் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக வளைத்துவிட்டு விடுங்கள். நேராகிவிடும். இன்னும் பலமாக வளையுங்கள். வளைந்தபடியே நின்றுவிடும். இனி அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை விரைவாக வளைத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். சுடும்! (கம்பி ஒடிந்தால் முனை குத்தும், கவனம்.)

இந்தச் சோதனையில் மூன்று உண்மைகள் இருக்கின்றன. சிறிய திரிபுக்கு எஃகு மீள்கிறது. மீட்சி எல்லையைத் தாண்டினால் மீள்வதில்லை. ஆனால் அந்த எல்லையைத் தாண்டி வளையும்போது, வளைத்த வேலையை அது வெப்பமாக மாற்றிவிடுகிறது.

கட்டடப் பொறியியலார் இந்த மூன்றாவது உண்மையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நிலநடுக்கம் கட்டடத்துக்குள் ஏராளமான ஆற்றலைச் செலுத்துகிறது. அந்த ஆற்றல் எங்காவது செலவழிய வேண்டும். தூணின் முனைகளில் உள்ள கம்பிகள் உடையாமல் வளைந்து வளைந்து அதை வெப்பமாக்கிச் செலவழித்தால் கட்டடம் விழாது. உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள். பெரிய நடுக்கத்தில் சேதமடைந்தாலும் கட்டடம் விழக்கூடாது என்பதே இன்றைய விதிமுறைகளின் அடிப்படை.

ஆனால் இரண்டாவது உண்மை சும்மா இருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் கான்கிரீட்டுக்குப் பெரிதும் பயன்பட்டுவரும் ஒரு வகை எஃகுக் கம்பியின் மீட்சி எல்லை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 415 நியூட்டன். எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் திரிபு ஏறத்தாழ 0.002. அதாவது 1 மீட்டர் நீளக் கம்பியை 2 மில்லிமீட்டர் வரை நீட்டிவிட்டு விட்டால்தான் அது முழுமையாக மீளும். அதற்கு மேல் எவ்வளவு நீட்டினாலும் அந்த அதிகப்படி நீட்சி தங்கிவிடும். கம்பியில் தங்கும் நீட்சிதான் தூணில் சாய்வாகத் தெரிகிறது.

1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு இது கண்கூடாகத் தெரிந்தது. விழாமல் நின்ற பாலத்தூண்களில் சுமார் நூறு தூண்களை, 1 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டன என்ற காரணத்தால், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். 1 டிகிரி என்பது அவ்வளவு பெரிதா? 1 டிகிரியின் டேஞ்சன்ட் 0.0175. 6 மீட்டர் உயரத் தூணின் உச்சி 10.5 சென்டிமீட்டர் விலகியிருக்கும். மேலே உள்ள பாலத்தின் எடை முழுவதும் இப்போது அடித்தளத்துக்கு நேர் மேலே இல்லை, 10.5 சென்டிமீட்டர் தள்ளி நின்று தூணை எந்நேரமும் அதே பக்கம் கவிழ்க்கப் பார்க்கும். அடுத்த நடுக்கம் வந்தால் அந்தப் பக்கமே மேலும் சாயும். இதனால்தான் 1996-இல் ஜப்பானின் பால விதிமுறை, தங்கிவிடும் சாய்வு தூணின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது.

ஆக, நமக்கு வேண்டிய கம்பி எப்படி இருக்க வேண்டும்? எஃகைப் போல் பெரிதாக வளைந்துகொடுத்து ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். ஆனால் ரப்பரைப் போல் பழைய வடிவத்துக்கும் திரும்ப வேண்டும். இப்படி ஓர் உலோகம் உண்டா?

தீக்கொளுத்தி காட்டிய அதிசயம்

உண்டு. அது தேடாமல் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை. அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலார் 1959-ஆம் ஆண்டு வாக்கில் ஏவுகணையின் மூக்குப் பகுதிக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையச் சரிபாதி அணுக்களாகக் கலந்த கலவை ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. நிக்கல், டைட்டானியம், அந்த ஆய்வுக்கூடத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் ஆகியவற்றைச் சேர்த்து அதற்கு "நிட்டினால்" என்று பெயரிட்டார்.

1961-இல் ஆய்வுக்கூட அதிகாரிகளின் கூட்டமொன்றில் இந்த உலோகத்தின் தகடு ஒன்றைக் காட்டினார்கள். பலமுறை மடக்கினாலும் ஒடியாது என்று காட்டுவதற்காக, விசிறிபோல் மடித்த தகடு அது. கைக்குக் கை மாறி வந்தபோது, டேவிட் மஸ்ஸி என்ற அதிகாரி தம்முடைய புகைக்குழாய்க்கு வைத்திருந்த தீக்கொளுத்தியால் அதைச் சூடாக்கிப் பார்த்தார். எல்லாரும் வியக்க, மடிப்புகள் தாமே பிரிந்து தகடு நேராகிவிட்டது! சூடு பட்டதும் உலோகத்துக்குத் தன் பழைய வடிவம் "நினைவு" வந்துவிட்டது.

இத்தகைய கலவைகளை வடிவ நினைவு உலோகங்கள் என்று அழைக்கிறார்கள். சூழ்நிலை மாறும்போது தாமே ஏற்றபடி நடந்துகொள்வதால், இவை "ஸ்மார்ட்" பொருள்கள், அதாவது சமர்த்துப் பொருள்கள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை.

அணுக்களின் டிரில் வகுப்பு

உலோகத்துக்கு மூளை இல்லையே, நினைவு எப்படி வந்தது? உங்கள் பள்ளி மைதானத்தில் டிரில் வகுப்பு நடப்பதாகக் கொள்வோம். ஐம்பது மாணவர்கள் ஐந்து வரிசைகளில் நிற்கிறார்கள்.

முதலில், முன்வரிசை முழுவதும் ஓர் ஆள் அளவு வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. இப்போது ஒவ்வொருவருக்கும் பின்னால் நிற்பவர் வேறு ஆள். புதிய இடமும் பழைய இடத்தைப் போலவே வசதியாக இருப்பதால், யாருக்கும் திரும்பிப் போக வேண்டிய அவசியம் இல்லை. எஃகு மீட்சி எல்லையைத் தாண்டும்போது நடப்பது இதுதான். அணுத் தளங்கள் வழுக்கிச் சென்று புதிய அண்டை வீட்டாரோடு குடியேறிவிடுகின்றன.

இனி வேறு விதமாகப் பாருங்கள். எல்லாரும் பக்கத்தில் உள்ளவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரே பக்கமாகச் சாய்கிறார்கள். அணியின் வடிவம் மாறிவிட்டது. ஆனால் அண்டை அயலார் மாறவில்லை. ஆகவே அவரவர் நிமிர்ந்தாலே போதும், பழைய அணி வந்துவிடும். நிட்டினாலில் நடப்பது இது. நிமிர்ந்த அணிக்கு ஆஸ்டெனைட் என்றும் சாய்ந்த அணிக்கு மார்ட்டென்சைட் என்றும் பெயர்.

எந்த அணி எப்போது இருக்கும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. குளிர்ந்த நிலையில் சாய்ந்த அணி நிலையானது. சூடான நிலையில் நிமிர்ந்த அணி நிலையானது. மஸ்ஸியின் கையில் இருந்த தகடு குளிர்ந்த அணியாக மடிக்கப்பட்டது. சூடு பட்டதும் நிமிர்ந்த அணிக்குப் போனது.

கட்டடத்தில் கம்பியைச் சூடாக்க யார் போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கும் வழி உண்டு. அணி மாறும் வெப்பநிலையை, அந்த ஊரின் குளிரையும்விடக் கீழே இருக்குமாறு அமைத்துவிடுகிறார்கள். நிக்கலின் விகிதத்தை நூற்றுக்கு 0.1 அளவு மாற்றினாலே அந்த வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு நகர்ந்துவிடும்! இப்படிச் செய்த கம்பி சாதாரண வெப்பநிலையில் எப்போதும் நிமிர்ந்த அணியாகவே இருக்கும். பலமாக இழுத்தால் மட்டும், வேறு வழியின்றிச் சாய்ந்த அணியாக மாறும். இழுப்பை விட்டதும் சாய்ந்த அணிக்கு அங்கே நிலைக்க முடியாது, தானே நிமிர்ந்துவிடும். இதற்கு மிகைமீட்சி என்று பெயர்.

எஃகின் மீளும் திரிபு நூற்றுக்கு 0.2 என்று கண்டோம். நிட்டினாலில் அது நூற்றுக்கு 6 வரை போகும். 1 மீட்டர் கம்பியை 60 மில்லிமீட்டர் நீட்டிவிட்டு விட்டாலும் திரும்பிவிடும். எஃகைப் போல் முப்பது மடங்கு! அதோடு, நீட்டும்போது செய்யும் வேலை முழுவதையும் மீளும்போது அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகச் செலவாகிவிடுகிறது. தகைவு–திரிபு வரைபடம் வரைந்தால், போன வழி வேறு, வந்த வழி வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள பரப்பே செலவான ஆற்றல். ஆனால் வரைபடம் புறப்பட்ட இடத்துக்கே வந்து முடிகிறது. நாம் தேடிய கம்பி இதுதான்.

தூணுக்குள் நிட்டினால்

அமெரிக்காவின் ரீனோ நகரில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் சயீத் சயீதி என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இத்தகைய கம்பிகள் வைத்த கான்கிரீட் தூண்களைச் செய்து, நிலநடுக்கம்போல் ஆட்டும் மேடைகளில் பொருத்தி ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு சிக்கல் தெரிந்தது. கம்பி நீண்டு மீள்கிறது, சரி. அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டோ உதிர்ந்துவிடுகிறது. சாதாரணக் கான்கிரீட், இழுத்தால் நூற்றுக்கு 0.01 அளவு திரிபிலேயே விரிசல் விடும்.

ஆகவே முனைப்பகுதியில் கான்கிரீட்டையும் மாற்றினார்கள். மிக்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ உருவாக்கிய ஒரு சிமென்ட் கலவை உண்டு. அதில் ஜல்லி இல்லை. தலைமுடியைப் போன்ற மெல்லிய செயற்கை இழைகள் கலந்திருக்கும். ஒரு பெரிய விரிசல் விழுவதற்குப் பதில், நூற்றுக்கணக்கான நுண்ணிய விரிசல்களாகப் பிரிந்துகொண்டு, நூற்றுக்கு 3 அளவுகூட நீண்டு கொடுக்கும். வளையும் கான்கிரீட் என்றே இதைச் சொல்கிறார்கள்.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு உண்மையான பாலத்துக்குள் போயின. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்கரையோரம் ஓர் அடுக்குப் பாலச்சாலை இருந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அது பழுதுபட்டது. அதற்கு மாற்றாகச் சுரங்கச் சாலை அமைத்தபோது, அதையொட்டிய இறங்குபாலம் ஒன்றின் தூண்களில் நிட்டினால் கம்பிகளையும் இழைக் கலவையையும் வைத்துக் கட்டினார்கள். அந்தப் பாலம் 2019-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. வடிவ நினைவுக் கம்பிகளை வைத்துக் கட்டிய முதல் பாலம் அதுவே.

தூண் முழுவதும் நிட்டினால் என்று எண்ணிவிடாதீர்கள். வளைவு மிகுதியாக விழும் முனைப்பகுதியில் மட்டும் நிட்டினால். மற்ற இடமெல்லாம் வழக்கமான எஃகு. இரண்டையும் பற்றவைப்பது கடினம். ஆகவே உறைபோன்ற இணைப்பிகளால் நுனியோடு நுனி சேர்த்திருக்கிறார்கள்.

பழைய கட்டடங்களுக்கும் இந்த உலோகம் உதவியிருக்கிறது. இத்தாலியில் டிரிஞ்ஞானோ என்ற ஊரின் புனித ஜார்ஜ் ஆலய மணிக்கூண்டு, செங்கல் கட்டடம். 1996-இல் நிலநடுக்கத்தால் பழுதுபட்டது. அதைச் சரிசெய்தபோது, உள்ளே மேலிருந்து கீழாகக் கட்டிய எஃகுத் தண்டுகளோடு நிட்டினால் கருவிகளைக் கோத்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே பகுதியில் ஏறக்குறைய அதே அளவு நடுக்கம் மீண்டும் வந்தது. இம்முறை மணிக்கூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள்

சமர்த்துப் பொருள்களில் வேறு சிலவும் கட்டடங்களைக் காக்க வந்துள்ளன. எண்ணெயில் இரும்புத்தூளைக் கலந்த ஒரு திரவம், காந்தப்புலம் பட்டதும் நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் கூழ்போல் இறுகிவிடும். மாடிகளுக்கிடையே வைத்த உருளைகளில் இதை நிரப்பி, மின்சாரத்தால் இறுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டத்தை அடக்கலாம். டோக்கியோவில் 2001-இல் திறக்கப்பட்ட அறிவியல் அருங்காட்சியகத்தில் இத்தகைய உருளைகளைப் பொருத்தினார்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை, கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தவற்றின் வழிவந்தவற்றை, கான்கிரீட்டில் பதித்து உள்ளே விரிசல் விழுகிறதா என்று அறியலாம். முன்னது கட்டடத்தின் தசை என்றால் பின்னது நரம்பு.

முதல் கடமை முதலில்

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் நம் ஊர் வீடுகளுக்கும் இந்தக் கம்பியைப் போடலாமா, சார்?" என்று கேட்டாள். நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நிட்டினால் எஃகைவிடப் பல பத்து மடங்கு விலை அதிகம். எஃகைவிட விறைப்புக் குறைவு. அதனால் தூண் சற்று அதிகமாக ஆடும். ஒரே அளவு வளைவில் அது செலவழிக்கும் ஆற்றலும் எஃகைவிடக் குறைவு. மலிவான இரும்புக் கலவைகளிலும், தாமிரம்–அலுமினியம்–மாங்கனீசுக் கலவைகளிலும் நினைவாற்றலைக் கொண்டுவர ஆராய்ச்சி நடக்கிறது. எனவே இன்றைக்கு இது பாலங்களுக்கும் அருமையான பழங்கட்டடங்களுக்கும் உரிய பொருள்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, குடியரசு தினக் காலை, குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத் நகரிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் கார் நிறுத்துவதற்காகச் சுவர் எழுப்பாமல் வெறும் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியவை. அவற்றுக்கு நிட்டினால் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை இரண்டு: கீழ்த்தளத்துக்கு உரிய வலிமையும், தூண்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களில் கவனமும்.

கம்பி கட்டுபவர்கள் "ரிங்" என்று சொல்லும் அந்த வளையத்தைக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் நுனிக் கொக்கியை 90 டிகிரிக்கு மட்டும் வளைத்து விட்டுவிட்டால், நடுக்கத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் பிரிந்துவிடும். உள்ளே உள்ள கான்கிரீட் சிதறித் தூண் நசுங்கும். 135 டிகிரிக்கு வளைத்து, நுனியை உட்புறக் கான்கிரீட்டுக்குள் செலுத்தினால் வளையம் பிரியாது. இந்திய நிலநடுக்கக் கட்டட விதிமுறை ஐ.எஸ். 13920 இதைத்தான் கேட்கிறது. இன்னும் 45 டிகிரி வளைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அது காப்பதோ உயிர்!

முதல் கடமையை அந்த எளிய வளையம் நிறைவேற்றும். இரண்டாவது கடமையை நினைவுள்ள கம்பி நிறைவேற்றும். வரிசை மாறக்கூடாது. நிட்டினாலை மலிவாகச் செய்யும் வழியை உங்களில் ஒருவரே கண்டுபிடிக்கலாம். அதுவரை, உங்கள் தெருவில் புதிதாக எழும் கட்டடத்தைக் கடக்கும்போது, அந்த வளையத்தின் கொக்கியை ஒருமுறை பாருங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 8 மீட்டர் உயரத் தூண் ஒன்றின் உச்சி, நடுக்கத்துக்குப் பின் 6 சென்டிமீட்டர் விலகி நிற்கிறது. 1996-ஆம் ஆண்டு ஜப்பானிய விதிமுறையின் எல்லைக்குள் இது அடங்குமா?

2. 50 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியையும் நிட்டினால் கம்பியையும் தனித்தனியே 2 சென்டிமீட்டர் நீட்டிவிட்டு விடுகிறோம். எது முழுமையாக மீளும்? ஏன்?

3. அணி மாறும் வெப்பநிலை 15 டிகிரி உள்ள நிட்டினால் கம்பியைச் சென்னைப் பாலத்துக்கும் சிம்லாப் பாலத்துக்கும் பயன்படுத்தினால், இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா? குளிர்காலத்தை நினைத்துப் பார்த்து விடை சொல்லுங்கள்.